பக்கத்துல என்ன ஸ்கூல் இருக்குது?

காஞ்சிபுரத்தில் வாடகை வீடு காட்டும் தொழிலுக்கு நான் வந்து பதினோரு வருஷம் ஆகிறது, இத்தனை வருஷத்தில் வாசற்படி ஏறுவதற்கு முன்பே தண்ணீர் வருமா என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், மற்ற அத்தனை பேரும் கேட்டது, "பக்கத்துல என்ன ஸ்கூல் இருக்குது?"

பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் மாறியவர்களுக்கு இது புரியும். கூரை ஒழுகினால் கீழே வாளி வைத்துச் சமாளிக்கலாம். பள்ளிக்கூடம் சரியில்லை என்றால் அடுத்த பத்து வருஷத்துக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். என் பெயர் கோமதி. ஒரு ஸ்கூட்டி, ஒரு போன், எந்த வாட்ச்மேனையும் கேட்டைத் திறக்க வைக்கும் குரல், இவ்வளவுதான் என் மூலதனம். வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் காலை எட்டரை மணிக்கு நானே வண்டி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எந்த வீட்டையும் காட்டுவேன் என்பது ஊரறிந்த என் பெருமை. இந்த வருஷம் மே, ஜூனில் அந்தப் பெருமைக்கு ஒரு சோதனை வந்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன். நடுநடுவே வேறு சிலரும் வந்து போவார்கள். அவர்களும் உங்களையும் என்னையும் போல அவஸ்தைப்பட்டவர்கள்தான்.

வீடு எப்படியும் இருக்கட்டும்

தமிழ்ச்செல்வி தாமலில் இருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். முப்பத்திரண்டு வயது இருக்கும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் செய்யும் தொழிற்சாலையில் ஒன்பது வருஷமாக வேலை. போன மாதம்தான் ஒரு தயாரிப்பு வரிசைக்கே பொறுப்பாளராக ஆக்கியிருந்தார்கள். கணவர் லாரி ஓட்டுகிறவர், கிளம்பிப் போனால் திரும்பப் பத்து நாள் ஆகும். இதுவரை பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட மாமியார், சின்ன மகனுக்குக் குழந்தை பிறந்ததும் வேலூருக்குப் போய்விட்டார். மகள் யாழினி அஞ்சாம் வகுப்புக்குப் போகிறவள், மகன் கவின் ரெண்டாம் வகுப்பு. தாமலில் இவர்கள் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் பெங்களூர் ஹைவே.

காஞ்சிபுரத்தில் காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் திரும்புவாள். அதுவரை அக்காதான் தம்பிக்கு எல்லாம். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பள்ளிக்கூடம், அவர்களாகவே போய் வருகிற மாதிரி ஒரு வீடு, இரண்டும் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அமைய வேண்டும். அமையாவிட்டால் வேலையை விட்டுவிடுவதாகக் கணவரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. எனக்குத்தான் என்னவோ போல இருந்தது. ஒன்பது வருஷ வேலையாயிற்றே!

நான் வழக்கம்போலக் காற்று, வெளிச்சம், மாடி, மோட்டார் என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டாள். "வீடு எப்படி வேணா இருக்கட்டும்கா. எம்புள்ளைங்க மெயின் ரோடு தாண்டக் கூடாது. அவ்ளோதான்."

பதினாலு பள்ளிக்கூடமும் ஒரு மணல் குவியலும்

அதே வாரம் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம் என்று சொல்லிவிட்டார்களாம், அதனால் மனைவியின் ஊருக்கே குடி வருகிறார். மடிக்கணினியில் பதினாலு பள்ளிக்கூடங்களின் பெயரை எழுதி, கழிப்பறை, நூலகம், ஆங்கிலம், டீச்சர் முகம் என்று கட்டம் கட்டமாகப் பிரித்து மார்க் போட்டுக்கொண்டே வந்தார். 'டீச்சர் முகம்' என்பது மனைவி சேர்க்கச் சொன்ன கட்டமாம். நானும் அவருக்கு முன்னால் ஸ்கூட்டியில் போய் ஒவ்வொரு கேட்டாகத் திறந்துவிட்டேன்.

ஒன்பதாவது பள்ளிக்கூடத்தில் அவருடைய ஆறு வயது மகனைக் காணவில்லை. அம்மா ஒவ்வொரு அறையாக ஓடித் தேடினார். கடைசியில் பின்பக்கம் புதுக் கட்டடத்துக்குக் கொட்டியிருந்த மணலில் முழங்கால் வரை புதைந்து, இன்னும் நாலு பிள்ளைகளோடு கிணறு தோண்டிக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் வரவில்லை. தூக்கினால் அலறினான். பிரின்சிபாலே வந்து, "இருக்கட்டும் சார், கிணறு முடியட்டும்" என்று சொல்லி நாற்காலி போடச் சொன்னார். முக்கால் மணி நேரம் கழித்து அங்கேயே அட்மிஷன் பாரம் வாங்கினார்கள். மீதி ஐந்து பள்ளிக்கூடங்களை நாங்கள் பார்க்கவே இல்லை. மடிக்கணினியை மூடிக்கொண்டே அவர் சொன்னார்: "எல்லாத்துக்கும் மார்க் போட்டேன் மேடம், மணலுக்கு ஒரு கட்டம் போட மறந்துட்டேன்."

போன் பேசிய மேடம்

தமிழ்ச்செல்விக்கு நான் முதலில் பார்த்தது ஒரு நல்ல வீடு. பின்னாலேயே ஒரு தனியார் பள்ளிக்கூடம், சுவரை எட்டிப் பிடிக்கலாம். காலை எட்டரைக்கு ஓட்டியும் பார்த்துவிட்டேன். பிள்ளைகளோடு நேர்காணலுக்குப் போனோம். யாழினி கேட்ட கணக்கை எல்லாம் போட்டாள். கவின் ஏ, பி, சி, டி சொல்லி முடித்துவிட்டு, யாரும் கேட்காமலேயே அதைக் கடைசியிலிருந்தும் சொன்னான். நான் மனசுக்குள் வீட்டுச் சாவியையே கையில் கொடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் அட்மிஷன் மேடம் தமிழ்ச்செல்வி பக்கம் திரும்பினார். காலையில் பெற்றோரில் ஒருவர் பிள்ளையை நேரில் கொண்டுவந்து விட வேண்டும், அதுதான் இங்கே ரூல். முடியாது என்றால் இந்த ஸ்கூல் உங்களுக்குச் சரிப்பட்டு வராது. வேலைக்குப் போகிற அம்மாக்களிடம் எங்களுக்கு இந்தப் பிரச்சினைதான். இதெல்லாம் அவர் கையில் போனை வைத்துக்கொண்டு, யாருக்கோ ஏதோ அனுப்பிக்கொண்டே சொன்னது.

எனக்கு வாயில் வந்தது வேறு. நான் திறப்பதற்குள் தமிழ்ச்செல்வி எழுந்துவிட்டாள். பிள்ளைகளின் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் வைத்தாள். நிதானமாகத்தான் சொன்னாள்: "என்ன மாதிரி வேலைக்குப் போற அம்மாங்க செஞ்சி குடுத்த போன்லதான் மேடம் நீங்க இப்ப மெசேஜ் அனுப்பிக்கினு இருக்கீங்க."

பொழுது சாய்வதற்குள்

சீட்டு கிடைக்கவில்லை, ஆனாலும் அன்று முழுக்க எனக்குத் தலை நிமிர்ந்தே இருந்தது. அந்தத் தெம்பில்தான் திருப்புட்குழி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த ஜைனக் குடும்பத்துக்கு வீடு பார்க்கப் போனேன். அப்பா நெல் வியாபாரம். மகள் பதினொன்றாம் வகுப்பு சேர வேண்டும், டாக்டராக வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு அவர்கள் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். அதனால் எந்தப் பள்ளிக்கூடத்தில் நுழைந்தாலும் அந்த அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: சாயங்காலம் எத்தனை மணிக்கு விடுவீர்கள்?

மார்க் எடுக்க வைக்கும் பள்ளிக்கூடம் எல்லாம் ஏழரை வரை ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிறது. நாலாவது பள்ளிக்கூடத்தில் வயதான பிரின்சிபால் ஒருவர், "டாக்டர் ஆகணும்னா கொஞ்சம் கஷ்டப்படணும்மா, படிப்புல இவ்ளோ கண்டிஷன் போடக் கூடாது" என்றார். பெண்ணே பதில் சொன்னாள். காலை ஐந்து மணிக்கு வரச் சொன்னாலும் வருகிறேன், ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாலும் வருகிறேன், சாயங்காலம் ஐந்தரைக்கு விட்டுவிடுங்கள் என்றாள். பிரின்சிபால் உடனே கணக்கு வாத்தியாரைக் கூப்பிட்டு அனுப்பினார். காலை ஆறரைக்கு ஒரு ஸ்பெஷல் கிளாஸ் ஆரம்பமாயிற்று. இப்போது அதற்குத்தான் கூட்டமாம், சாயங்கால வகுப்பில் பாதிப் பேர் தூங்குகிறார்களாம். வெளியே வந்ததும் அந்தப் பெண்ணின் அப்பா மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "எம்பொண்ணுக்குப் படிக்கறதுக்குச் சூரியன் வேணாங்க, சாப்புடறதுக்குத்தான் வேணும்."

சுவருக்கு அந்தாண்ட

பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வீடு வேண்டும் என்பதிலும் ஒரு அளவு இருக்கிறது என்பதைப் போன வருஷமே கற்றுக்கொண்டேன். ஒரு குடும்பத்துக்குப் பள்ளிக்கூடச் சுவரை ஒட்டியே வீடு பிடித்துக் கொடுத்தேன். மணி அடிப்பது சமையல்கட்டில் கேட்கும். அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது பி.டி. வாத்தியார் என்னை நிறுத்தினார். "முசரவாக்கத்துலேர்ந்து சைக்கிள் மிதிச்சி வர்றவன் பிரேயருக்கு மொத ஆளா நிக்கிறான். நீ வீடு புடிச்சிக் குடுத்தியே, செவுத்துக்கு அந்தாண்ட, அவன்தாம்மா தெனம் லேட்டு."

நாலு மணிக்குப் பார்த்த வீடு

ஜூன் வந்துவிட்டது. கருட சேவைக் கூட்டத்தில் ஊரே திமிலோகப்பட்டது. ஸ்கூட்டியை ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குக் கொண்டுபோக முடியவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். வியாழக்கிழமை வரை தமிழ்ச்செல்விக்கு ஒன்றும் அமையவில்லை. போனில் அவள் பெயரைப் பார்த்தால் எடுக்கவே பயந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர்கள் இருக்கும் தெரு ஒன்றில் காலி வீடு கிடைத்தது. இரண்டு அறை, சுத்தமான தெரு, ஓர் ஈ காக்கை இல்லை. பள்ளிக்கூடம் என்னவோ மெயின் ரோட்டைத் தாண்டித்தான். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்து ஆட்டோ வீட்டு வாசலுக்கே வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய், வாசலிலேயே விடும். வேலை முடிந்து வந்து பார்த்த தமிழ்ச்செல்வி அரை மனதோடு தலையாட்டினாள். ஞாயிற்றுக்கிழமையே குடி வந்துவிட்டு, திங்கட்கிழமை காலை பிள்ளைகளோடு போய்ச் சேர்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. அவளுக்குக் கிடைத்தது அந்த ஒரு நாள் லீவுதான். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் இருக்க வேண்டும். காலை எட்டரைக்கு நான் அந்தத் தெருவில் ஓட்டிப் பார்க்கவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு நான் போய்ப் பார்த்தால் தெரு முழுக்கப் பாவு. இந்த ஊரில் பிறந்தவள் நான். காலை நேரத்தில் நெசவாளர் தெருவில் சேலைக்கான பட்டு இழைகளை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் சிக்கெடுத்துச் சுருட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். நாலு மணிக்கு அந்தத் தெருவில் நின்றபோது புத்திக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். அரக்கு நிறத்தில் ஆயிரக்கணக்கான இழைகள் இடுப்பு உயரத்தில் தெருவை அடைத்துக்கொண்டு கிடந்தன. இரண்டு பக்கமும் ஆண்களும் பெண்களும் நின்று வேலை செய்தார்கள். ஆட்டோக்காரர் முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். தினமும் இப்படித்தானா என்று ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அக்கா, இதும்மேல ஏத்துனா என் ஆட்டோவ வித்தாலும் பத்தாது. நாளைலேர்ந்து புள்ளைங்கள மெயின் ரோட்டு முனைக்கு வந்து நிக்கச் சொல்லு."

மூணாவது பாவு

தமிழ்ச்செல்வி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கவினின் புதுச் சட்டைக் காலரை மடித்துவிட்டபடி, "சரிக்கா, நாளைக்குப் போயி வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்" என்றாள். யாழினி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் வழி சொல்கிறவள் இந்த ஒருத்தியைக் கொண்டுவந்து முட்டுச்சந்தில் நிறுத்திவிட்டேன்.

பாவின் முனையில் கஞ்சிக் கையோடு நின்றுகொண்டிருந்த ஓர் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். பெயர் மல்லிகா, எதிர்வீடு. "ஏம்மா, ஆட்டோ எதுக்கு? நம்ம ஸ்கூலு இருக்குதே" என்றார்.

"எந்த ஸ்கூலு?" என்று கேட்டது யார் என்கிறீர்கள்? நான்தான்.

"மூணு பாவு வரிசையா நீட்டியிருக்கோம் பாரு. மூணாவது பாவு முடியற எடத்துல கேட்டு. கவர்மென்ட் ஸ்கூலு, எட்டாவது வரைக்கும் இருக்குது. எம்பசங்க ரெண்டு பேரும் அங்கதான் படிச்சாங்க. பாவு சுருட்டற வரைக்கும் இந்தத் தெருவுல ஒரு வண்டி வராது. விடியக்காலம் அஞ்சரைலேர்ந்து நாங்கல்லாம் இங்கதான் நிப்போம். நீ பாட்டுக்கு வேலைக்குப் போம்மா."

நடந்தோம். முதல் பாவு, இரண்டாவது பாவு, மூன்றாவது பாவு. "பட்டுல கை வெக்காத கண்ணு" என்று கவினுக்கு மூன்று இடத்தில் அறிவுரை. பாவு முடிந்த இடத்தில் பச்சைக் கேட். அந்தக் கேட் எனக்குத் தெரியும். வீடு கேட்டு வந்த யாரும் அரசுப் பள்ளிக்கூடத்தைப் பற்றி என்னிடம் விசாரித்ததில்லை; நானும் யாருக்கும் சொன்னதில்லை. என் பட்டியலிலேயே அது கிடையாது. வெட்கமாகத்தான் இருந்தது, சொல்லிக்கொள்வதில் என்ன?

தலைமையாசிரியை சான்றிதழ்களைப் பார்த்தார். அம்மா என்ன வேலை, எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டார். "அஞ்சு மணி வரைக்கும் வெராண்டாவுல உக்காந்து படிக்கட்டும், நான் கெளம்ப எப்படியும் அஞ்சேகால் ஆயிடும்" என்றார். யாழினி முதல் தடவையாக வாயைத் திறந்து, "டீச்சர், கதை புக்கு இருக்குதா?" என்று கேட்டாள். அலமாரியைத் திறந்துவிட்டார். பத்து நிமிஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்தாயிற்று. தமிழ்ச்செல்வி காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். நான் மெதுவாக வெளியே நழுவப் பார்த்தேன். தலைமையாசிரியை கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்: "நீங்கதான வீட்டு புரோக்கரு? தெனமும் எங்க கேட்டாண்ட வண்டிய நிறுத்தி போன் பேசுவீங்களே, உள்ள வர்றதுக்கு இத்தன வருஷமாச்சா?"

எட்டாவது ஆள்

செவ்வாய்க்கிழமை யாரும் சொல்லாமலே காலை எட்டே காலுக்கு அந்தத் தெரு முனையில் போய் நின்றேன். தமிழ்ச்செல்வி ஏழு மணிக்கே பஸ் ஏறிப் போயிருப்பாள். பிள்ளைகள் தனியாகக் கதவைப் பூட்டிக்கொண்டு வர வேண்டும். என் மகன் முதல் நாள் பள்ளிக்கூடம் போனபோதுகூட நான் இப்படி நின்றதில்லை.

எட்டரைக்குக் கதவு திறந்தது. யாழினி பூட்டைப் போட்டு, இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, சாவியைப் பைக்குள் வைத்தாள். தம்பியைச் சுவர் பக்கம் விட்டு, தான் பாவு பக்கம் நடந்தாள். பாவு ஓரமாக நின்ற ஒருவர், "சாப்டாச்சா?" என்றார். இன்னொருவர் கவினை நிறுத்திச் செருப்பு வாரைச் சரிசெய்துவிட்டார். ஒரு கிழவர் பாவிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "தண்ணி பாட்டிலு எங்க?" என்றார். யாழினி திரும்பி ஓடி எடுத்துவந்தாள், அதுவரை கவின் கையை மல்லிகா பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் பச்சைக் கேட்டுக்குள் போனார்கள். நான் ஸ்கூட்டி மேலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஜெயித்துவிட்டோம் என்று சத்தம் போட வேண்டும் போல இருந்தது.

தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. டீ குடிக்க விடும்போதுதான் லாக்கரைத் திறந்து பார்ப்பாள். அந்த நேரத்துக்காகவே காத்திருந்து கூப்பிட்டேன். பிள்ளைகள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார்கள் என்று முதலில் சொல்லப்போவது நான்தான் என்று எனக்கு ஒரே கர்வம். பேச ஆரம்பிப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பும் அழுகையுமாகக் குரல் வந்தது.

"தெரியும்கா. மல்லிகா அம்மா நேத்தே என் நம்பர வாங்கித் தெருவுக்கே குடுத்துட்டாங்க போல. லாக்கரத் தொறந்தா ஏழு மெசேஜி. புள்ளைங்க சாப்புட்டாங்க, பூட்டுனாங்க, பாட்டில மறந்தாங்க, ஸ்கூலுக்குள்ள பூட்டாங்க. கவினு பேன்ட்டுக்கு ஜிப்பு போடலன்னுகூட ஒருத்தங்க எழுதியிருக்காங்க. நீங்க எட்டாவது ஆளுக்கா."

வீடு பிடித்துக் கொடுத்தது நான், பள்ளிக்கூடம் பிடித்துக் கொடுத்தது எதிர்வீட்டு மல்லிகா, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது ஒரு தெரு முழுக்க இருக்கிறவர்கள். கமிஷனை மட்டும் வெட்கமே இல்லாமல் நான் ஒருத்தியே வாங்கிக்கொண்டேன்.